இடையீடு

பாராளுமன்றத்தில் பேசப்படுவதைப் பதிவுசெய்து வெளியிடும் அறிக்கையே ஹன்சாட். எமது நாட்டு ஹன்சாட்டில் உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அவரது உரை அச்சாகும். அதைப் புரட்டும்போது அடைப்புக்குறிக்குள் 'இடையீடு' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். குறுக்கே பேசியவர் யார், என்ன சொன்னார் என்பது பெரும்பாலும் இருக்காது. பேச்சாளர் யாருக்கோ கோபமாகப் பதில் சொல்வது மட்டும் அடுத்த வரியில் தெரியும்.

சபை அமளியைத் தொலைக்காட்சியில் காணும் பெற்றோர் "இது சந்தைக்கடை" என்று அலைவரிசையை மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறைகூற முடியாது. ஆயினும் குறுக்கீடு முழுவதும் குற்றமல்ல. எழுதி வந்ததை ஒவ்வொருவராக வாசித்துவிட்டு அமர்ந்தால் அது விவாதமாகாது. அமைச்சர் ஒரு கணக்கைப் பிழையாகச் சொன்னால், அடுத்த வாரம் மறுப்பதைவிட அந்த இடத்திலேயே கேட்பதுதான் பயன்.

இதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் மரபில் வழியுண்டு. சபை விதி மீறப்பட்டால் 'ஒழுங்குப் பிரச்சினை' என எழுந்து சபாநாயகரிடம் முறையிடலாம். எமது சபையில் இது படும் பாடு தனி. ஒழுங்குப் பிரச்சினை என்று தொடங்கி அரசியல் உரையே நிகழ்த்திவிடுவார்கள். மற்றது, பேச்சாளரின் சம்மதத்துடன் கேட்பது. அவர் விரும்பினால் அமர்ந்து இடம் கொடுப்பார். விரும்பாவிட்டால் தொடர்ந்து பேசுவார். பிரித்தானிய மக்கள் சபையில் உரைக்கு நேர வரையறை இருக்கும்போது, பேச்சாளர் இடம் கொடுக்கும் முதல் இரண்டு குறுக்கீடுகளுக்கும் அவருக்கு ஒவ்வொரு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். கேள்விக்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

கூச்சலுக்கோ இந்த நியாயம் எதுவும் இல்லை. எமது சபையில் மூன்று மொழிகளுக்கும் உடனடி உரைபெயர்ப்பு உண்டு. தமிழில் ஒருவர் பேச, சிங்களம் மட்டும் தெரிந்தவர் செவிப்பொறி மூலமே அதைக் கேட்கிறார். நான்கு பேர் சேர்ந்து கத்தினால் உரைபெயர்ப்பாளர் எதைப் பெயர்ப்பார்? சிறுபான்மை மொழியில் பேசுபவருக்கே நட்டம் அதிகம். பெண் உறுப்பினர் எழுந்தால், பேசும் விடயத்தை விட்டு அவரையே கேலிசெய்யும் குரல்களும் வருகின்றன. 2018 நவம்பரில் சபாநாயகரின் ஆசனத்தையே மறித்து, மிளகாய்த்தூளும் வீசினார்கள். அதைக் குறுக்கீடு என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது.

பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் நடத்துகிறோம். அங்கு பெரும்பாலும் மனனம் செய்த உரைகளே கேட்கின்றன. பேச்சாளர் சம்மதித்து ஏற்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு நிமிடம் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். மணிக்கூட்டைக் கவனிக்க ஒரு மாணவி போதும்.