பருமனும் பீடியும் புராஸ்டேட்டும்: ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பீடி குடிச்சா நெஞ்சு கெடும், தொப்பை போட்டா சுகர் வரும். அதுக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். சம்பந்தம் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் வருமா, வராதா என்பதைவிட, வந்த நோய் எவ்வளவு தீவிரமாகும் என்பதில்தான் உடல் பருமனும் புகைப்பழக்கமும் அதிகம் தொடர்புபடுகின்றன.

புராஸ்டேட் எங்கே இருக்கிறது?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். விந்துவுடன் சேரும் திரவத்தைச் சுரப்பது இதன் வேலை. வயது ஏற ஏற இது வீங்கும். இரவில் அடிக்கடி எழுந்து போவது, சிறுநீர் தடைபட்டு வருவது போன்ற தொல்லைகள் பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தால் வருபவை. புற்றுநோயோ ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சிக்கலே அங்கேதான்.

உயரமும் எடையும்

உயரமான ஆண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. குழந்தைப் பருவத்தில் உடல் வளரும் விதத்தோடு தொடர்புடையது இது. உயரத்தை யாரும் மாற்ற முடியாது. அதற்காகக் கவலைப்படவும் தேவையில்லை.

எடை அப்படியல்ல. உடல் பருமன் உள்ளவர்களுக்கு முற்றிய நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம் என்பதையும் அதே அறிக்கை குறிப்பிடுகிறது. அளவுக்கு மீறிய கொழுப்பு, உடலில் இன்சுலின் அளவையும் நாள்பட்ட அழற்சியையும் கூட்டுகிறது. புற்றுநோய் செல்கள் வளர இவை சாதகமானவை.

பருமனால் இன்னொரு சிக்கலும் உண்டு. புராஸ்டேட் பிரச்சினையை அறிய பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பருமனானவர்களின் உடலில் ரத்தத்தின் அளவு கூடுதலாக இருப்பதால், பி.எஸ்.ஏ. அதில் நீர்த்துப்போய், எண் குறைவாகத் தெரியலாம். "ரிசல்ட் நார்மல்தான்" என்று நிம்மதியாக இருந்துவிட்டால், நோய் தாமதமாகவே பிடிபடக்கூடும். எனவே ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டி, உங்கள் எடையையும் கணக்கில் எடுத்து விளக்கும்படி கேளுங்கள்.

புகை என்ன செய்கிறது?

புகைப்பழக்கத்தால்தான் புராஸ்டேட் புற்றுநோய் வருகிறது என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. நுரையீரல், வாய், தொண்டைப் புற்றுநோய்களைப் போல இது நேரடித் தொடர்பு அல்ல. ஆனால் நோய் வந்தவர்களிடம் கதை மாறுகிறது.

அமெரிக்காவில் 1986 முதல் 2006 வரை புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்ட 5,366 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. நோய் கண்டறியப்பட்டபோது புகைத்துக்கொண்டிருந்தவர்கள், அந்தப் புற்றுநோயாலேயே இறக்கும் ஆபத்து, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட 61 சதவீதம் அதிகமாக இருந்தது. எளிதாகச் சொன்னால், புகைக்காதவர்களில் 10 பேர் இறக்கும் இடத்தில், அதே எண்ணிக்கையிலான புகைப்பவர்களில் ஏறக்குறைய 16 பேர். சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பும் ஆபத்தும் புகைப்பவர்களுக்கே அதிகம்.

அதே ஆய்வில் நல்ல செய்தியும் இருக்கிறது. புகையை விட்டு 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்களின் ஆபத்து, ஒருபோதும் புகைக்காதவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தது. "இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்பவர்களுக்கு இதுவே பதில். 50 வயதில் விட்டவருக்கு 60 வயதில் அதன் பலன் கையில் இருக்கும்.

உங்கள் அளவை நீங்களே பாருங்கள்

எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உதாரணமாக, 75 கிலோ எடையும் 1.70 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு இது ஏறக்குறைய 26. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். அவர் 72 கிலோவுக்கு வந்தாலே 25-க்குக் கீழே இறங்கிவிடுவார்.

அடுத்து, இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். பலரும் அதைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பை வைத்து அளக்க வேண்டும்.

எங்கே போவது, யாரைக் கேட்பது?

தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின்கீழ் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பொதுவான பரிசோதனை நடக்கிறது. புராஸ்டேட் அதில் இல்லை. அதனால் இதை ஆண்கள் தாங்களாகவே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

* 50 வயதைத் தாண்டியவர்கள், பி.எஸ்.ஏ. பரிசோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் பேசலாம். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ 65 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால் 45 வயதிலேயே கேட்பது நல்லது.
* சிறுநீரில் ரத்தம், தீராத முதுகுவலி அல்லது இடுப்பெலும்பு வலி இருந்தால் தாமதிக்க வேண்டாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்கு அனுப்புவார்கள்.
* மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.
* புகையிலையை விட உதவி வேண்டுமா? 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.
* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அது கைகொடுக்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகலாம்.

"இதையெல்லாம் எப்படி வெளியே சொல்றது?" என்ற கூச்சத்தால்தான் பல வீடுகளில் நோய் முற்றிய பிறகு தெரியவருகிறது. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ இரவில் நாலைந்து முறை எழுந்து போனால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.