காற்று பிடுங்காத கூரை



சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஒரு கூரை ஆண்டின் பெரும்பகுதியை வெயிலில் காய்ந்தே கழிக்கிறது. அதற்கான சோதனை ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே சில நாட்களில் நடந்து முடிந்துவிடும். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மழையோ சித்தூர் மாவட்டம் வரை வந்து கொட்டியது. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் பாபட்லா அருகிலும் கரையேறின. கடலை ஒட்டிய தடா, சூலூர்பேட்டை பக்கம் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். மேற்கே பலமனேர், குப்பம் என்று மேட்டுநிலம் ஏற ஏறக் காற்று தளர்ந்து மழை மிஞ்சும். குளிரும் அந்த மேட்டுநிலத்துச் சங்கதிதான். மதனப்பள்ளிக்கு அருகே சுமார் 1,265 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹார்ஸ்லி மலையில் தை மாத விடியலில் பல் கிட்டும். ஆனால் கூரையில் பனிக்கட்டி கட்டாது.

பனிக்கட்டி கட்டும் ஊர்களில் பரவலாகப் போடப்படுவது ஷிங்கிள். கண்ணாடி இழைப் பாயில் தார் தோய்த்து, மேலே கல் பொடி தூவிய பட்டைகள் அவை. மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக, பலகைமேல் ஆணி அடித்துப் போடுகிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் வீட்டுச் சூட்டில் உருகும் பனி, இறவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணைபோல நிற்கும். அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் பட்டைக்கு அடியில் மேல்நோக்கி ஏறும். அதைத் தடுக்க ஓரத்தில் ஒட்டும் படலம் ஒன்றை முதலில் விரிப்பார்கள். குளிரில் தார் விறைத்து உடையாமலிருக்க ரப்பர் கலந்த ரகமும் உண்டு. காற்றைத் தாங்கும் திறனுக்குத் தரப் பிரிவுகள் இருக்கின்றன: 'எஃப்' வகுப்பு மணிக்கு 177 கி.மீ., 'எச்' வகுப்பு 241 கி.மீ. ஆலங்கட்டிக்கும் சோதனை உண்டு. சுமார் 5 செ.மீ. எஃகுக் குண்டை 6 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு முறை போட்டும் விரியாத பட்டைக்கே நான்காம் வகுப்பு கிடைக்கும்.

இந்தப் பட்டை இப்போது இந்தியாவிலும் வில்லாக்களின் சாய்வுக் கான்கிரீட்மேல் ஒட்டப்படுகிறது. அங்கே மழையைத் தடுப்பது கான்கிரீட். ஷிங்கிள் பெரும்பாலும் சட்டை. கறுத்த தார்ப் பட்டை இந்த ராயலசீமை வட்டாரத்து வெயிலைக் குடித்து வீட்டுக்குள் இறக்கும், சூட்டில் தானும் சீக்கிரம் வறண்டு போகும். அழகுக்கு என்றால் போடலாம். புயலுக்கு என்று சொல்லி விற்றால் கேட்க வேண்டியதில்லை. அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஆணிக் கணக்கு. சாதாரண இடத்தில் பட்டைக்கு 4 ஆணி, காற்று மிகுந்த இடத்தில் 6. பொருள் அதேதான், பிடிப்புதான் மாறுகிறது.

பிடிப்பு ஏன் முக்கியம் என்பதைக் காற்றின் கணக்கே காட்டும். ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி, அடிப்படைக் காற்று வேகமாகச் சென்னைக்கும் நெல்லூருக்கும் நொடிக்கு 50 மீட்டரையும், பெங்களூருக்கு 33 மீட்டரையும் வைத்திருக்கிறது. சித்தூரும் திருப்பதியும் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கின்றன. வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டு மடங்கைத் தாண்டும். நொடிக்கு 50 மீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வருகிறது. அரை மில்லிமீட்டர் தகர ஷீட்டின் எடை அதே பரப்பில் சுமார் 4 கிலோ. சாய்வு குறைந்த கூரையில் காற்று பெரும்பாலும் மேல்நோக்கி உறிஞ்சும். முகட்டிலும் இறவாரத்திலும் மூலைகளிலும் அந்த உறிஞ்சல் அதிகம், அதனால் கூரை பிரிவது ஓரத்தில்தான் தொடங்குகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். அப்போது வீடே பலூன்.

காற்று எந்தப் பக்கம் என்பதும் ஒரே மாதிரி இராது. புயல் கடலில் கிழக்கே நிற்கையில் வடக்கிலிருந்து அடிக்கும். மாண்டஸ்போலத் தெற்கே கரை கடந்தால் கிழக்குக் காற்று. மிக்ஜாம்போல வடக்கே போனால் மேற்கிலிருந்து. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் பலமாகக் கட்டுவது வீண் செலவு.

இனி நம் ஊர்க் கூரைகளுக்கு வருவோம். ஓலைக் கூரைக்கு இந்தப் பேச்சில் இடம் குறைவு. அரைவட்ட நாட்டு ஓடு வெயிலுக்கு அருமையானது. அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். ஆனால் அது எதோடும் பூட்டிக்கொள்ளாமல் எடையில் மட்டும் கிடக்கிறது. திருப்பதியில் புயலுக்கு முன்பே குரங்குகள் அதைக் கலைத்து வைத்துவிடும்.

சீமை ஓடு என்று சொல்லப்படும் மங்களூர் ஓட்டுக்கு அந்தக் குறை பாதிதான். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு 1860-களில் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை வழியாகப் பரவிய இந்த ஓட்டில், பக்கத்து ஓட்டோடு கவ்விக்கொள்ளும் வரப்புகள் உண்டு. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன மூக்கு இருக்கும். ரீப்பர் கட்டையில் மாட்டிக்கொள்வது அதுதான். அந்த மூக்கில் ஒரு துளையும் இருக்கும். கம்பி கட்டுவதற்கான துளை அது. பல வீடுகளில் அதற்குள் கம்பி போனதே இல்லை. சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு, 35 கிலோவுக்கு மேல் எடை; இடுக்குகள் வழியே காற்று கசிவதால் மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமமாகும். நடுக்கூரைக்கு இது பெரும்பாலும் போதும். ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டை ஒட்டிய வரிசையையும் துரு ஏறாத கம்பியால் கட்ட வேண்டும். முகட்டு ஓட்டைக் கலவையில் பதிக்க வேண்டும். சாய்வு 30 பாகைக்குக் கிட்ட இருந்தால் சாரல் உள்ளே ஏறாது, உறிஞ்சலும் குறையும். இறவாரம் அரை மீட்டருக்குமேல் நீண்டால் காற்றுக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி. இரு பக்கச் சாய்வைவிட நான்கு பக்கச் சாய்வுக் கூரை புயலில் நன்றாக நிற்கும்.

ஷீட் கூரையை விலை பார்த்து வாங்குகிறார்கள், போல்ட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. தகர ஷீட் முழுதாகப் பறந்தால் கத்தி. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் ஆலங்கட்டியிலும் விழும் கிளையிலும் விரியும், அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும், பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நெளி ஷீட்டில் ஜே போல்ட்டை மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். போல்ட்டின் கீழிருக்கும் ரப்பர் வாஷர் சில கோடைகளில் கறுத்து, விரல் நகம் பட்டாலே உதிரும். ஒழுகல் பெரும்பாலும் அந்தப் பத்துப் பைசா அகல வட்டத்தில்தான் ஆரம்பம். ஓரங்களில் போல்ட்டை நெருக்கிப் போட்டு, இரும்புச் சட்டத்தைச் சுவரின் கான்கிரீட் பட்டையோடு கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷீட் சட்டத்தோடு சேர்ந்தே கிளம்பும்.

மொட்டைமாடியைக் காற்று எடுக்காது, கனம் அப்படி. சந்திரகிரியில் விஜயநகரக் காலத்து ராஜமகால் மரமே இல்லாமல் கல், செங்கல், சுண்ணாம்பால் எழும்பி இன்றும் நிற்கிறது. கான்கிரீட் மாடிக்கு எதிரி காற்றல்ல, தேங்கும் தண்ணீர். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த சுருக்கித் தளத்தின்மேல் தட்டோடு பதித்து, குழாய் வாய் நோக்கி வாட்டம் கொடுப்பது பழைய முறை. வெள்ளைப் பூச்சு சேர்ந்தால் கோடைக்கும் ஆகும். மழையில் மாடி குளமாவதற்கு அநேகமாகக் காரணம் குழாய் வாயை அடைத்த வேப்பிலைச் சருகு.

பழுது பார்க்கப் புரட்டாசி ஏற்ற மாதம். அறுந்த கம்பி, உதிர்ந்த வாஷர், நகர்ந்த முகட்டு ஓடு மூன்றையும் மழைக்கு முன் மாற்றிவிடலாம். மேலே ஏறுகிறவர் ஓட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல், இரண்டு மூன்று ரீப்பர்மேல் பாரம் பரவும்படி பலகை போட்டு நடக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பலகை இல்லாமல் ஏறவே கூடாது. ஷீட் உடைந்து உள்ளே விழுந்தவர்கள் உண்டு.