8-சி யாருக்கு?

ஜூன் மாதம் டைம் டேபிள் ஒட்டியதும் ஸ்டாஃப் ரூமில் பழைய ஆட்கள் தங்கள் பெயரைத் தேட மாட்டார்கள். 8-சி யார் தலையில் விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள். சென்னையில் நான் வேலை பார்த்த பள்ளிகளில் அந்த மாதிரி அடங்காத வகுப்பு பெரும்பாலும் புதிதாக வந்தவருக்குத்தான் போகும். தீபாவளிக்குள் அவர் வேலையை விட்டுவிட்டால், அதற்குச் சொல்லக் காரணங்களும் நம்மிடம் தயாராக இருக்கும்.

நம்பிக்கை: "அந்த மிஸ்ஸுக்கு கிளாஸ் கண்ட்ரோல் இல்லை."

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் கணக்கு டீச்சராகச் சேர்ந்தார். 8-சியில், சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். சத்தம் வராந்தா முனைவரை கேட்கும். கண்டித்து வையுங்கள் என்று எல்லோரும் புத்தி சொன்னோம். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது; சரியான சட்டம்தான். ஆனால் பிரம்பைக் கீழே வைத்த கையால் என்ன செய்வது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது காட்ட வேண்டுமே!

அவர் வேலையை விட்டுப் போன பிறகு சப்ஸ்டிட்யூஷனுக்கு நான் அந்த வகுப்பில் நுழைந்தேன். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: மேற்கு ஜன்னல் வெயில் பட்டு போர்டு பளபளத்தது. இடது பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியவில்லை. தெரியாதவன் பேசாமல் என்ன செய்வான்? ஜன்னல் கதவைச் சாத்தினேன். பாதி சத்தம் அடங்கியது. அவர் இருந்தபோதே யாராவது ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். அந்த வருடம் டைம் டேபிள் போட்டது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்பிக்கை: "சம்பளம் பத்தவில்லை, அதனால்தான் போகிறார்கள்."

பாதி உண்மை. தனியார் பள்ளிச் சம்பளத்தில் சென்னை வாடகை கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்கே தெரியும். ஆனால் அமெரிக்காவில் ஆசிரியர் வெளியேற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரிச்சர்ட் இங்கர்சால், 2001-இல் வெளியிட்ட ஆய்வில் சம்பளத்தோடு வேறு மூன்றையும் சேர்த்தே சொன்னார்: நிர்வாகம் துணை நிற்காதது, மாணவர் ஒழுங்குப் பிரச்சினை, பள்ளி முடிவுகளில் ஆசிரியரின் பேச்சு எடுபடாதது. சம்பளம் ஹெச்.எம். கையில் இல்லாமல் இருக்கலாம், மற்ற மூன்றிலும் அவருக்குப் பங்கு உண்டு.

நம்பிக்கை: "நாங்கள் யாரைக் கேட்டுக் கற்றோம்? தானாக வந்துவிடும். இப்போது பி.எட். வேறு இரண்டு வருடம்."

2015 முதல் இரண்டு வருடம்தான், பள்ளிக்குப் பயிற்சிக்கும் வருகிறார்கள். வந்ததும் நாம் செய்வது என்ன? லீவில் இருப்பவரின் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக நோட்டு திருத்துகிறோம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் தானாக வந்துவிடுவதில்லை. ஸ்மித் என்ற ஆய்வாளரும் அதே இங்கர்சாலும் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே பாடத்தைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாக அமைந்தால், முதல் வருட முடிவில் வேலையை விடும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைகிறது. 'அதே பாடம்' என்பதைக் கவனியுங்கள். பின்னங்களில் பையன் எங்கே தடுக்கி விழுவான் என்று கணக்கு வாத்தியாருக்குத்தான் தெரியும். தமிழ் ஐயா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் இதற்கு உதவ முடியாது.

நம்பிக்கை: "கல்யாணம் ஆகாதவர், சின்ன வயசு, கூடுதல் வேலை தாங்குவார்."

ஆண்டு விழா, பஸ் டியூட்டி, எமிஸ் இணையதளப் பதிவு, எல்லா சப்ஸ்டிட்யூஷனும் அவருக்கே. ஸ்காட்லாந்தில் 2002-இல் தொடங்கிய திட்டத்தில், புதியவருக்கு முதல் வருடம் முழுக்க ஒரு பணியிடம் உறுதி, வகுப்பு நேரமும் மற்றவர்களைவிடக் குறைவு. மிச்ச நேரம் கற்றுக்கொள்ள. நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

இந்த வருடம் புதன்கிழமை மூன்றாவது பீரியடில் எனக்கும், புதிதாக வந்த கணக்கு மிஸ்ஸுக்கும் வகுப்பு இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். இரண்டாவது வாரமே சப்ஸ்டிட்யூஷன் நோட்டோடு அட்டெண்டர் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் ஃப்ரீதானே மிஸ்?"

"இல்லைப்பா, கிளாஸ்ல இருக்கோம்."