ட்ரோன் மருந்து தெளிப்பும் வானிலை அபாயங்களும்

விமானத்தின் மூலம் பூச்சி மருந்திடும் முறை 1921-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் முதன் முதலாகச் சோதிக்கப்பட்டது. இன்று அவ்வேலையை ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானம் நம் வயல்களிலேயே செய்கின்றது. இதற்குரிய செய்முறை விதிகளை மத்திய வேளாண்மை அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. கருவி புதிதாயினும் அது வானிலைக்கு உட்பட்டதே என்பதைத் திருமுருகன்பூண்டி, அவிநாசி வட்டார நிலக்கிழார்கள் உணர்தல் அவசியம்.

1. காற்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று பலமாய் வீசும். கைத்தெளிப்பானால் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் கலவை தெளிக்குமிடத்தில் ட்ரோன் சுமார் 10 லிட்டரே தெளிக்கின்றது. ஆகையால் துளி நுண்ணியது. மருந்தின் செறிவோ அதிகம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமெனில் இத்துளி எம்மட்டு? கீழ்ப்புறத்து வயலில் மல்பெரி இருப்பின், அத்தழையைத் தின்னும் பட்டுப்புழுக்கள் மடியும். நம் பயிரைக் காக்கப் போய் அயலாரின் ஜீவனத்தை அழித்ததாக முடியும்.

2. காற்றை அறியும் வகை: முகத்தில் காற்று பட்டு இலைகள் சலசலத்தால் வேகம் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர், இதுவே தக்க வேளை. இலைகளும் சிறு கிளைகளும் ஓயாது ஆடினால் 12-க்கு மேல், வேலையை நிறுத்துக. புழுதி கிளம்பினால் 20-க்கு மேல். ட்ரோனை எடுக்கவே வேண்டாம்.

3. அசைவற்ற வேளை: காற்றே இல்லாத விடியற்காலை பத்திரமானதன்று. அடுப்புப் புகை மேலெழாது தாழப் படர்ந்து நிற்குமாயின், மருந்துத் துளியும் அவ்வாறே மிதந்து நெடுந்தூரம் செல்லும். வெயில் ஏறிப் புகை கலையும் வரை பொறுத்திருக்க.

4. வெப்பமும் மழையும்: நடுப்பகல் வெயிலில் துளிகள் பயிரை அடையுமுன் வற்றிச் சிறுத்துக் காற்றோடு போகும். சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு முன் எழும் சூறைக்காற்று ட்ரோனைக் கவிழ்க்க வல்லது. இடி கேட்டவுடன் இறக்கிவிடுக. தெளித்த பின் விரைவில் மழை பெய்தால் மருந்து கரைந்து வீணாவதுடன் வாய்க்காலிலும் கலக்கும்.

தெளிக்கும்போது காற்று சென்று சேரும் ஓரத்தில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்காகப் பறக்கவிட்டு, காற்று வரும் திசை நோக்கி முன்னேறுக. கிணறு, மாட்டுத்தொழுவம், மல்பெரி ஆகியவற்றின் பக்கம் ஒரு பட்டையைத் தெளிக்காது விடுக.

கிராம அலுவலர்கள் தெளிக்கும் நாளை முன்னதாகவே அயல் நிலத்தாருக்குத் தெரியும்படி செய்தல் நலம். ஒரு நாள் தாமதத்தால் வரும் நஷ்டம் சிறிது. காற்றில் போன மருந்தைத் திரும்ப அழைக்க இயலாது.