பொத்தானை அமுக்கும் முன் தேதியைப் பாருங்க!



காசிமேட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவோமா? பால் பாக்கெட்டில்கூட தேதி பார்க்கிறோம். நம் சேமிப்பும் கடனும் அடங்கிய கம்ப்யூட்டர் ஃபைலில் தேதி பார்க்கிறோமா? இந்த மாதப் பாடம் அதுதான்.

முன்பு பேரேடு, ரொக்கப் புத்தகம் எல்லாம் கையால் எழுதினோம். இப்போது பல கூட்டமைப்புகளில் குழுக்களின் மாதக் கணக்கை எக்செல் ஃபைலாக வாங்கி மென்பொருளில் ஏற்றுகிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் நூற்றுக்கணக்கான வரிகள் தானாக ஏறிவிடும். வசதிதான். ஆனால் அது போன மாதத்து ஃபைலாக இருந்தாலும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கேள்வி கேட்காது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

பழைய ஃபைல் ஏறினால் என்ன ஆகும்?

எண்ணூரில் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். ஓர் உறுப்பினருக்கு மே மாத முடிவில் ரூ.2,000 கடன் பாக்கி. ஜூனில் முழுவதும் கட்டிவிட்டார். ஜூன் கணக்குக்குப் பதில் மே ஃபைலையே ஏற்றிவிட்டால், கட்டி முடித்தவர் பெயரில் இன்னும் ரூ.2,000 பாக்கி நிற்கும். ஜூன் மாதம் எல்லோரும் போட்ட சேமிப்பும் கணக்கில் வராது.

இது குழுவோடு முடிகிற விஷயமும் இல்லை. குழு உறுப்பினர்களின் தனித்தனிக் கடன் விவரங்களையும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. நாம் கொடுக்கும் தப்பான கணக்கு அங்கே வரை போனால், நாளை தொழில் கடன் கேட்கும்போது தடையாக வந்து நிற்கலாம்.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. ஃபைல் பெயரிலேயே குழுவின் பெயர், மாதம், வருடம் மூன்றும் இருக்கட்டும். 'புதுசு', 'கடைசி' என்று பெயர் வைக்காதீங்க.

2. ஃபைலைத் திறந்து, உள்ளே எந்தத் தேதி வரைக்குமான கணக்கு என்று பாருங்க. கம்ப்யூட்டர் வெளியே காட்டும் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஃபைலை வாட்ஸ்அப்பில் இறக்கினாலும், திறந்து மறுபடி சேமித்தாலும் அது இன்றைய தேதியைக் காட்டலாம்.

3. 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? மாதத்தை எழுத்தில் எழுதினால் குழப்பம் இல்லை.

4. உறுப்பினர் எண்ணிக்கை, மொத்தச் சேமிப்பு, கடன் பாக்கி மூன்றையும் தீர்மானப் புத்தகத்தோடு ஒப்பிடுங்க. ஒரு ரூபாய் இடித்தாலும் ஏற்றாதீங்க.

5. ஏற்றும் முன் பழைய பதிவை ஒரு நகல் எடுத்து வையுங்க.

தப்பாக ஏறிவிட்டால், அவசரப்பட்டு அதன் மேலேயே சரியான ஃபைலை ஏற்றாதீங்க. ஒரே தொகை இரண்டு முறை பதிவாகலாம். கணக்காளரிடம் சொல்லி, முதலில் தப்பை நீக்கி, பிறகு ஏற்றுங்க.

கடன் அறிக்கையிலேயே தப்பு இருந்தால் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு என்பது 2023-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகவும் வாங்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் குழுக் கணக்கு கடைசியாக எந்தத் தேதி வரை ஏறியிருக்கிறது?
• ஏறிய கணக்கை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தார்களா?
• ஃபைலைச் சரிபார்த்து ஊக்குநரோடு கையெழுத்துப் போட இரண்டாவது ஆள் யார்?