சீவாளியில் தொடங்கு

அன்புள்ள பாப்பா,

அடுத்த வாரம் நீ அவரைப் பார்க்கப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். அவரே வரச் சொல்லிவிட்டாராம். அதிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லையாம். நம் வீட்டில் ‘அவர்’ என்றால் எந்த நாயனக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பையிலேயே அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தவள் நீ. இசைப் பள்ளியில் வயலினும் பாட்டும் இருக்க, நாகஸ்வரம்தான் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றதும் அவரால்தான். அப்படிப்பட்டவர் முன்னால் போய் உட்காரும்போது வாய் அடைத்துப்போவது இயற்கை. பத்திரிகைகளுக்கு எழுதுவதற்காக நாயனக்காரர்கள் வீட்டுத் திண்ணைகளில் நிறைய உட்கார்ந்தவன் என்பதால் பெரியப்பா சிலது சொல்கிறேன். கேட்டுக்கொள்.

முதலில், ‘உங்கள் வாசிப்பு தெய்வீகம்’ என்று ஆரம்பிக்காதே. நீ மனசாரத்தான் சொல்வாய், எனக்குத் தெரியும். ஆனால் இதை அவர் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு: “எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம்.” சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார். அதற்கு மேல் பேச்சு நகராது. காப்பி வரும், போட்டோ எடுப்பீர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். நீ தேடிப் போன மனிதரைப் பார்த்த மாதிரியும் இருக்கும், பார்க்காத மாதிரியும் இருக்கும். பெருமையைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். வேலையைப் பற்றிக் கேள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாயவரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூத்த வித்வான் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். கூட வந்த நண்பர் ராக பாவத்தைப் பற்றியும் மனோதர்மத்தைப் பற்றியும் நீளநீளமாகக் கேட்டார். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை. சுவரில் சார்த்தியிருந்த நாயனத்தில் நூல் கட்டித் தொங்கிய, வாய் வைத்து ஊதும் சீவாளிகளைக் காட்டி, “இது யார் கட்டினதுங்கய்யா?” என்று கேட்டேன். “அதக் கேக்குறீங்களா?” என்று எழுந்தவர், உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். சீவாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்தார். ஒன்றை உதட்டில் வைத்து ஈரமாக்கி, குழலில் மாட்டாமல் வெறும் சீவாளியை மட்டும் ஊதினார். கீச்சென்று ஒரு சத்தம். “இது கல்யாணத்துக்கு ஆகும். ராத்திரிப் புறப்பாட்டுக்கு ஆகாது” என்று ஓரமாக வைத்தார். அடுத்ததை ஊசியால் லேசாக நெம்பி மறுபடி ஊதினார். இப்போது சத்தம் தடித்து இறங்கியது. அன்று சாயங்காலம் வரை அவர் பேசினார். நண்பர் கேட்ட ராக பாவமும் அந்தப் பேச்சில் தானாகவே வந்து சேர்ந்தது. எந்தச் சீவாளி போட்டால் எந்தப் பிடி வரும், எது வராது என்பதில்தானே அவருடைய பைரவி இருக்கிறது!

அதனால் நீயும் சீவாளியில் தொடங்கு. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை அறுத்துப் பல மாதம் பக்குவப்படுத்தித் திருவாவடுதுறையில் கட்டுகிறார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வாங்கி வந்த சீவாளி அப்படியே வாசிப்புக்கு வந்துவிடுவதில்லை. அதைத் தன் உதட்டுக்கும் தன் காற்றுக்கும் பழக்குவது ஒவ்வொருவரும் தனியாகச் செய்யும் வேலை. அவர் எப்படிப் பழக்குகிறார்? மார்கழிப் பனியில் என்ன செய்வார், ஏசி போட்ட சபாவில் என்ன செய்வார்? ஆலாபனை நடுவில் சீவாளி கை கொடுக்காமல் போனால், கேட்பவர்களுக்குத் தெரியாமல் எந்த இடத்தில் நிறுத்தி மாற்றுவார்? இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அவர் சொன்னால்தான் உண்டு.

அடுத்து, சுத்த மத்தியமம். இதை நீ கட்டாயம் கேட்க வேண்டும். பழைய திமிரி நாயனம் உயரமான சுருதியில் கணீரென்று பேசும். ஆனால் அதில் சுத்த மத்தியமம் தானாக நிற்காது. காற்றையும் உதட்டையும் அடக்கித்தான் பிடிக்க வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தேவையை மனதில் வைத்துப் பாரி நாயனத்தைத் திருத்திச் செய்தார். சுருதி இறங்கியது, மத்தியமம் தன் இடத்தில் நின்றது. தோடி என்றாலே ராஜரத்தினம் பிள்ளை என்று ஊர் சொல்கிறதே, அந்தத் தோடியின் மத்தியமம் சுத்த மத்தியமம்தான் என்பதை யோசித்துப் பார். ஒரு மகா வித்வானுக்கும் உளி பிடித்த ஓர் ஆசாரிக்கும் நடுவே நடந்த பேச்சில் ஒரு வாத்தியமே மாறிப்போயிருக்கிறது. இரண்டு பேரும் எந்தத் துளையைப் பற்றி எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்றாக முற்றிக் காய்ந்த ஆச்சா மரத்தைத்தான் அந்த ஊர் ஆசாரிமார் இன்றைக்கும் தேடுகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உன் ‘அவர்’ சின்ன வயசில் திமிரி வாசித்துப் பிறகு பாரிக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் மாறும்போது விரல் என்ன பாடுபட்டது என்று கேள். பாரிக்கு வந்ததில் எதையாவது இழந்ததாக நினைக்கிறாரா என்றும் கேள். குழலின் அடியில் விரல் படாத துளைகளை மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சேர்ப்பார்களே, அதை அவர் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தால் விட்டுவிடாதே.

போவதற்கு முன்னால் உனக்கும் வேலை இருக்கிறது. அவருடைய பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேள். அந்தக் காம்போதி ஆலாபனையில் தார ஸ்தாயிக்குப் போகிறவர் போல ஏறி, போகாமல் திரும்புகிறாரே, அப்படி உன்னை நிமிர வைத்த ஓர் இடத்தைக் குறித்துக்கொள். முடிந்தால் அந்தப் பிடியை நீயே வாசித்துப் பார். வராது, வராமல் போவது எந்த இடத்தில் என்று தெரிந்துகொண்டு போ. “இந்த இடத்துல எனக்குத் துத்துக்காரம் தடிச்சுப்போகுதுங்கய்யா, உங்களுக்கு மட்டும் எப்படி வழுக்கிட்டுப் போகுது?” என்று கேட்கிற பெண்ணை அவர் லேசில் மறக்கமாட்டார். துத்துக்காரம் என்கிற நாக்கு வேலையைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை நாள் சாதகம் இருக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பெரியவர் ஒருவர்மேல் பைத்தியமாக இருப்பதைப் பற்றி யாராவது கேலி செய்தால் காதில் வாங்காதே. ஷேக் சின்ன மௌலானாவை எடுத்துக்கொள். ஆந்திரத்தில் கரவதியில் பிறந்தவர், அந்த ஊர்ப் பாணியில் தேர்ந்தவர். ராஜரத்தினம் பிள்ளையை மானசீக குருவாக வரித்துக்கொண்டார். வரித்துக்கொண்டதோடு நிற்கவில்லை. தஞ்சாவூர்ப் பாணி தனக்கு வேண்டும் என்று நாச்சியார்கோயில் ராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை சகோதரர்களிடம் வந்து, கற்றதற்கு மேல் கற்றுக்கொண்டார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி ரங்கநாதருக்கு வாசித்தார். 1998-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. காருகுறிச்சி அருணாசலமும் அப்படித்தான். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் துணை நாயனம் வாசித்தபடியே கற்றவர் அவர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகி அம்மாவின் குரலோடு கூடவே ஓடுகிற அந்த நாயனத்தை நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய்! இவர்களுக்கெல்லாம் பக்தி சாதகமாக மாறியது. உனக்கும் அது மாற வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கோயில் வேலையைப் பற்றியும் கேள். இதில் எனக்குக் கொஞ்சம் பதற்றமே உண்டு. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்று இருப்பதும் நீ படித்திருப்பாய். ஆனால் அவர் ஊர்க் கோயிலில் எந்த வீதியில் எந்த ராகம், எந்த முக்கில் நின்று தவிலுக்கு விடுவது, சுவாமி திரும்பி வந்து படியேறும்போது என்ன வாசிப்பது என்பது அந்த ஊரில் வாசித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ராத்திரி முழுக்க ஒரே ராகத்தை விரித்துக்கொண்டு போன காலத்தில் இந்தக் கணக்கு ஆயிரம் பேர் காதில் இருந்தது. இப்போது புறப்பாடே ஒரு மணி நேரத்தில் முடிகிற கோயில்கள் எத்தனையோ. அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுது. வீதியின் பெயரைக்கூட விடாதே.

இன்னொன்று. நீ மேடையில் கண்ட மனிதரே வீட்டிலும் இருப்பார் என்று எதிர்பார்க்காதே. சள்ளென்று விழுவார். வேறொரு வித்வானை மட்டமாகப் பேசுவார். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வாத்தியம், மூச்சு தாங்காது என்றுகூடச் சொல்லக்கூடும். அந்தத் தலைமுறையில் அப்படிச் சொல்கிற பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். சொன்னால் எதிர்த்துப் பேச வேண்டாம், அழவும் வேண்டாம். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் இந்த வாத்தியத்தைத் தூக்கி மேடையேறிய காலத்தில் அந்த அம்மா எவ்வளவு கேட்டிருப்பார்! காலீஷாபி மெகபூப் கணவரோடு உட்கார்ந்து வாசிப்பதை நீ நேரிலேயே பார்த்திருக்கிறாய். நாயனத்தைக் கொடுத்தால் வாங்கி ஒரு வர்ணம் வாசித்துக் காட்டு. அதற்குப் பிறகும் அவர் எண்ணம் மாறவில்லை என்றால், அது அவருடைய எண்ணம். அவருடைய காம்போதி அதனால் ஒரு மாற்றுக் குறைந்துவிடாது. நீ அதிலிருந்து எடுத்துக்கொள்வதும் குறைய வேண்டியதில்லை. கலை பெரிது என்பதற்காக மனிதரின் குணத்தையும் கும்பிட வேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. குணத்தில் ஒரு குறை கண்டதும் வாசிப்பையும் தூக்கி எறிகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

பிழைப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதே. என்ன வாங்குகிறீர்கள் என்று கேட்காதே, அது மரியாதையில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாதபோது குடும்பம் எப்படி ஓடியது, கல்யாண வீடுகளில் செண்டை மேளம் வந்து நின்ற பிறகு என்ன ஆயிற்று, தன் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு விட்டாரா, விடவில்லை என்றால் ஏன் என்று கேள். நீ இந்த வாத்தியத்தை நம்பி வாழப் போகிறவள். அவர் வாழ்ந்து பார்த்தவர். சங்கீதத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு இதைக் கேட்காமல் எழுந்து வந்தால் பாதிதான் கேட்டதாக ஆகும்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். உற்சவ நாளுக்கு மறுநாள் போகாதே. விடியற்காலைதான் வீடு வந்து படுத்திருப்பார். எப்போதும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போவது உத்தமம். வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொள். ‘ஐயா’ என்றே கூப்பிடு. உன் வாத்தியார் பெயரை முதலிலேயே சொல்லிவிடு. யார் வழியில் கற்கிறாய் என்று தெரிந்தால்தான் அவருக்குப் பேச்சு பிடிபடும். நாயனத்தைத் தொடுவதற்கு முன் கேள். சீவாளியை அவராகக் கொடுத்தால் தவிர தொடவே தொடாதே. போனில் பதிவு செய்ய வேண்டுமென்றால் கேட்டுவிட்டுச் செய். முகம் சுளித்தால் உடனே எடுத்துப் பையில் போடு.

நடுவில் அவர் பேசாமல் இருந்தால் நீ முந்திக்கொண்டு அடுத்த கேள்வியைப் போடாதே. வயதானவர்களுக்கு ஞாபகம் மெதுவாகத்தான் மேலே வரும். அந்த இடைவெளியில் விரல்கள் தொடையில் எதையோ வாசித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிரு, அதுவும் பாடம்தான்.

கிளம்பும்போது, அவரோடு அதிக காலம் தவில் வாசித்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டு விலாசம் வாங்கி வா. அவரையும் போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகக் கேட்டவர் அவர்தானே. உன் ‘அவர்’ எங்கே மூச்சு வாங்கினார், எந்த ஊரில் என்ன வாசித்தார் என்று சொல்லக் கூடியவர். அதற்கு வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் எனக்கு எழுது. சுத்த மத்தியமத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியப்பா