பெரிய வண்டி வாங்கப் போகும் தங்கச்சிக்கு

"அக்கா, தூரம் போக எந்த வண்டி நல்லது?" என்று கேட்கிறாய். பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஷோரூமுக்குப் போ. நீ வழக்கமாகப் போடும் ஷூவோடு வண்டியில் ஏறி உட்கார். இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா? உட்கார்ந்தபடியே காலால் உந்தி வண்டியைப் பின்னால் நகர்த்த முடிகிறதா? முடிந்தால் மட்டும் விலையைக் கேள்.

நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது எந்த வண்டியும் கனமாகத் தெரியாது. கனம் தெரிவதெல்லாம் நம் தெருவில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குத் திருவண்ணாமலை என்றால் சீனிவாசப் பெருமாள் குடியிருக்கும் நம்ம ஊர் மலைதான். புரட்டாசி சனிக்கிழமை அந்த அடிவாரத்தில் ஒரு பெரிய வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார். முன்னால் ஆட்டோ, பின்னால் மினி பஸ், இரண்டு பக்கமும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவரும் சனம், காலுக்குக் கீழே மணல். அந்த இடத்தில் பதற்றமில்லாமல் உன்னால் திருப்ப முடிகிற வண்டிதான் உன் வண்டி. கொல்லம் வரை போவதெல்லாம் அதைவிடச் சுலபம்.

மீட்டியார் 350-இன் சீட் உயரம் 765 மில்லிமீட்டர், எடை 191 கிலோ. புது ஹிமாலயன் 450-க்கு 825 மில்லிமீட்டர், 196 கிலோ. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. உயரத்தில் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். நம் உயரத்துப் பெண்களுக்கு அந்த ஆறு சென்டிமீட்டர்தான், பாதம் முழுசாக ஊன்றுவதா, நுனிவிரலில் நிற்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. வீட்டு ஸ்கூட்டி நூறு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் பிடித்து நிமிர்த்திவிடலாம். இதை அப்படிப் பிடிக்க முயன்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். நம் சாலைகளுக்கு, முதல் வண்டியாக, நான் மீட்டியார் மாதிரித் தாழ்வான வண்டியைத்தான் சொல்வேன். நான் ஓட்டுவதும் அதுதான்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40 சதவீதம். மீட்டியாரின் இன்ஜின் 349 சி.சி., ஹிமாலயன் 452. விலை வித்தியாசத்தில் ஒரு பெரிய பங்கு வரிதான். அதற்கு மேல் நம் மாநிலச் சாலை வரி, ஒரு லட்சத்தைத் தாண்டும் பைக்குக்கு 12 சதவீதம். ஷோரூம் பலகையில் எழுதியிருக்கும் விலையை நம்பி வீட்டில் சொல்லிவிடாதே. ஆன் ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் பேசு. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பின்னால் கட்டும் பை எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கி வை. வண்டியிலேயே கையிருப்பு முழுக்கப் போய்விட்டால் ஹெல்மெட்டில்தான் மிச்சம் பிடிக்கத் தோன்றும். அங்கே மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். "அஞ்சு வருசத்துக்குப் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நம் வண்டிக்கு அடிபட்டால் பணம் தருகிற பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருக்கும். பாலிசியைப் பிரித்து இரண்டு தேதியையும் பார்த்து, போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்.

விழும் வண்டி, தூக்கும் வழி

பெரிய வண்டி ஒருநாள் சாயத்தான் செய்யும். ஓடும்போது அல்ல, நிற்கும்போதுதான் சாயும். அடிவார மண்ணில் சைடு ஸ்டாண்ட் மெல்ல இறங்கும், நீ திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி படுத்திருக்கும். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லையோ ஓட்டுத் துண்டையோ வை. சரிவில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு நிறுத்து. முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தாதே, அப்படி நிறுத்திய 191 கிலோவைப் பின்னால் இழுத்து எடுக்க இன்னொரு ஆள் வேண்டும்.

விழுந்துவிட்டால் பதறாமல் இன்ஜினை அணை. வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடு, இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். கியரில் இருக்கட்டும். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பு. இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைச் சாய்த்துக் குந்து. ஒரு கை ஹேண்டிலில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை வளைக்காமல், பாதத்தைத் தரையில் ஊன்றிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நட. தூக்குவது கால்தான், கை இல்லை. வீட்டு முற்றத்தில் பழைய மெத்தையை விரித்து, அண்ணனையோ தம்பியையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இதைப் பழகிவிடு. இதைப் பழகின பெண்ணுக்குத் தனியாகப் போகும் பயம் பாதி போய்விடும்.

செயின்

பாக்கெட் பணம் தின்பது பெட்ரோல் என்றால் நேரம் தின்பது செயின். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும். மழையில் ஓட்டினால் வீடு வந்த அன்றே. நடு ஸ்டாண்ட் போட்டு, பழைய அட்டையைச் சக்கரத்துக்கு அடியில் விரித்து, மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் தேய். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதே. செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். துணியால் துடைத்துக் காயவிட்டு, உள்பக்கமாகச் செயின் லூப் அடித்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்று. கையால் மட்டும்தான். இன்ஜினை ஓடவிட்டுச் சக்கரம் சுற்றும்போது துணியைப் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். துணி சிக்கினால் பற்சக்கரத்துக்குள் விரலும் சேர்ந்து போகும். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அப்புறம் செயினைத் தொடு.

டயரில், நம் பக்கத்து எதிரி சீமைக்கருவேல முள். கிராமத்துச் சாலைக்கு இறங்கினால் முள் ஏறும். டியூப்லெஸ் டயர் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கு, பஞ்சர் போடும் கிட்டும் சின்னக் காற்றடிக்கும் பம்பும் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருக்கட்டும். முள்ளைப் பிடுங்கி, ஓட்டையை ஊசியால் சீவி, ரப்பர் துண்டைச் செருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். டியூப் டயர் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ஒற்றையாக நிற்கும் சாலையில் அதற்கு வழியில்லை.

காற்று

நம்மூர் ஆட்கள் டூர் என்று கிளம்பினால் முதலில் போவது தென்காசிச் சாலையில்தான். ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று போய் மலையைத் தாண்டிக் கொல்லத்தில் முடியும் 744-ஆம் நெடுஞ்சாலை. வழியெல்லாம் வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் இந்தச் சாலையில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். புளியங்குடி தாண்டியதுமே வண்டி ஆடுவதை உணர்வாய்.

காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. நீ அறியாமலே அதை எதிர்த்து வண்டியை வலப்பக்கம் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பாய். எதிரே ஒரு லாரி வருகிறது. லாரி உன்னைக் கடக்கும் அந்த நொடியில் அது காற்றை மறைத்துவிடும். எதிர்த்துத் தள்ளக் காற்று இல்லாததால் உன் வண்டி வலப்பக்கமாக, அந்த லாரியை நோக்கியே இழுக்கும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளும். இரண்டும் கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும். புளியமர வரிசை முடியும் இடத்திலும் இதே கதைதான்.

அதனால் அந்த மாதங்களில் அறுபதைத் தாண்டாதே. லாரி வருவது தெரிந்ததும் இடதுபக்கம் ஒதுங்கி, அதற்கும் உனக்கும் நல்ல இடைவெளி விடு. முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடி, கையைத் தளரவிடு. பயத்தில் ஹேண்டிலை இறுக்கினால் உன் உடம்பு ஆடும் ஆட்டமெல்லாம் சக்கரத்துக்குப் போகும். பையை உயரமாகக் கட்டாதே, கனமான சாமானைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டு. திரும்பி வரும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து உன்னைச் சாலை நடுவுக்குத் தள்ளும் என்பதை மறக்காதே.

புளியரை எஸ் வளைவில் பொறுமை வேண்டும். கேரளாவுக்குப் பாரம் ஏற்றிப் போகும் லாரிகள் அங்கே மூச்சு வாங்கி ஏறும். முன்னால் போகும் லாரியின் பின்னால் ஒட்டிப் போகாதே, அது பின்வாங்க இடம் விடு. வளைவில் யாரையும் முந்தாதே.

அதைத் தாண்டிவிட்டால் தங்கச்சி, பெரிய வண்டி வாங்கியதற்கான பலன் அங்கேதான் கிடைக்கிறது. நம் பக்கம் மழை மறைவுப் பகுதி, கரிசலும் காய்ந்த காற்றும். ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்த சில கிலோமீட்டரிலேயே வெயில் இறங்கி, ஈர மண் வாசனை ஹெல்மெட்டுக்குள் வந்துவிடும். பஸ் ஜன்னலில் இது ஒரு காட்சி. பைக்கில் அது தோலில் படுகிறது. தென்மலைக்கு முன்னால் சாலையோரமாகவே பதிமூன்று கண் ரயில் பாலம் நிற்கிறது, 1904-இல் திறந்த பாதை. நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சுகம் எவ்வளவு அரிது என்பது உனக்கே தெரியும். செயின் துடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை நான் மனசாரக் கொடுப்பது இதற்காகத்தான்.

கேரளாவுக்குள் போகிறாய் என்றால் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் மாட்டு. 2023 ஜூனிலிருந்து அங்கே சாலைக் கேமராக்களே படம் பிடித்து அபராதம் அனுப்புகின்றன. நம் ஊரில் மாட்டாமல் போனாலும் சட்டப்படி ஆயிரம் ரூபாய். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். மலைக்குள் சிக்னல் போய்விடும், அதனால் முன்பே திறந்து வைத்துக்கொள், ஒரு நகலையும் பையில் போடு.

பெண்களுக்கென்று சில

சடையை ஜாக்கெட்டுக்குள் விடு. துப்பட்டா வேண்டாம், கட்டாயம் என்றால் முடிச்சுப் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருகு. செயினுக்கும் சக்கரத்துக்கும் தொங்கும் துணி எமன். ஹெல்மெட் முழு முகத்தையும் மூடுவதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கட்டும். வாரைப் பூட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு கன்னமும் சேர்ந்து அசைய வேண்டும், அதுதான் சரியான அளவு. நம் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட் போதும், தோளிலும் முழங்கையிலும் காப்பு அட்டை இருக்கிறதா என்று பார்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதே. தலை சுற்றும், கவனம் சிதறும். பெட்ரோல் பங்குகள் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பூட்டியிருந்தால் சாவியைக் கேள், தயங்காதே. டேங்க் 15 லிட்டர் என்றாலும் முந்நூறு கிலோமீட்டருக்குள் நிரப்பிவிடு. மேகமலைக்குப் போவதானால் சின்னமனூரிலேயே டேங்கை நிரப்பு. நம் முதுகுப் பக்கத்து மலைதான் அது, ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை என்று 2021-இல் ஒரே புலிகள் காப்பகமாகவும் ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் குறுக்கே சாலை கிடையாது. பேரையூர், உசிலம்பட்டி, தேனி என்று சுற்றித்தான் போக வேண்டும். இருட்டியபின் வனத்துறைச் சாவடியில் விடமாட்டார்கள், விடிகாலையில் கிளம்பு.

எங்கே தங்கினாலும் அந்த வீட்டுக்குப் பால்கோவா வாங்கிப் போ. சைலன்சர் பக்கத்துப் பையில் வைக்காதே, உருகி எண்ணெய் கசிந்துவிடும்.

வெளியூர்ச் சிநேகிதிகள் நம் ஊருக்கு வண்டியில் வருகிறார்கள் என்றால், போன் வரைபடத்தில் திருவண்ணாமலை என்று மட்டும் போடச் சொல்லாதே. அருணாசலேஸ்வரர் ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போட்டு வரச் சொல்லி, அங்கிருந்து நீ கூட்டிக்கொண்டு வா.

முதல் தூரப் பயணத்தை ஆடியில் வைக்காதே, ஐப்பசி மழையிலும் வேண்டாம். தை மாதம் ஒரு வேலைநாள் காலையில் தென்காசி வரை போய், சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பு. கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு போன், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் செய்துவிடு.